அருளப்பு சொன்ன ஓம்

பேச்சாளர்களின் நீளம் தெரிந்திருந்தும் அவர்களை மேடைக்கு அழைக்கும் துணிவு கொண்ட தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் சின்னராசா ஐயா அவர்களே! இந்தப் பளை மண்ணிலே புத்தகத்துக்கும் ஒரு வீடு வேண்டும் என்று ஆறு ஆண்டுகள் அலைந்து திரிந்து, இன்றைக்கு அதற்குக் கூரையும் போட்டுவிட்ட வாசகர் வட்டத்து உறவுகளே! முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோர்களே! முற்றத்தில் காயப்போட்ட நெல்லைப் பக்கத்து வீட்டாரின் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! கதிரை போதாமல் யன்னலோரம் நிற்கும் இளையோரே! உங்கள் அத்தனை பேரையும் நெளுக்குளத்துக் கஜனியாகிய நான் கைகூப்பி வணங்குகிறேன்.

"மொழியும் அறிவும் மனமும்." இதுதான் ஐயா எனக்குத் தந்த தலைப்பு. ஐயாவுக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். பதினைந்து வயதிலே, வவுனியாவில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியிலே, கிட்டத்தட்ட இதே தலைப்பில் பேசி நான் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு என்ன பேசினேன் தெரியுமா? "மொழி இல்லையேல் அறிவு இல்லை! அறிவு இல்லையேல் மனம் இல்லை! மனம் இல்லையேல் மனிதனே இல்லை!" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. நடுவர்கள் தலையசைத்தார்கள். என் அம்மா மூன்றாம் வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்தார்.

இன்றைக்கு எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன்? மொழி இல்லையேல் மனிதனே இல்லை என்றால், மொழியை இழந்தவர் யார்? ஒரு காலைப்பொழுதில், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரத்தில், சொல்லெல்லாம் போய்விட்ட ஒருவரை நாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? மரத்தோடா? மாட்டோடா? அந்தக் கேள்வியைப் பதினைந்து வயதில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய வயதில் நானும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் ஒரு மனிதருக்கு நான் ஒரு அநியாயம் செய்தேன். அந்த அநியாயத்தைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். அலங்காரப் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச்சுச் சிகிச்சை செய்பவள். பாரிசவாதம் வந்து வாய் குழறிப்போனவர்கள், பேச்சே நின்றுபோனவர்கள், இவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, போன சொல்லில் ஒன்றையோ இரண்டையோ திருப்பிக் கூட்டிவரப் பார்ப்பது என் வேலை. அந்த வேலையில் நான் கண்ட நம்முடைய சனத்தின் ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டொக்டர் ஐந்து நிமிடம் விளக்குகிறார். முடிவில் "விளங்கினதோ?" என்று கேட்கிறார். நாங்கள் என்ன சொல்வோம்?

கேட்டது! பின்வரிசையில் இருந்தே பதில் வந்துவிட்டது. "ஓம் டொக்டர்!" அதுதான். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனாலும் ஓம். வேறு மொழியில் எழுதிய பத்திரத்தை அரசாங்கக் கந்தோரில் நீட்டி "சரிதானே?" என்று கேட்டால் அதற்கும் ஓம். பிறகு மருந்து தருகிற யன்னலடியில் நின்று பக்கத்து ஆளிடம், "அவர் இப்ப என்னவாம் சொன்னவர்?" என்று கேட்போம். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். மரியாதைக்கு ஓம், பயத்துக்கு ஓம், பேருந்து போய்விடும் என்பதற்காகவும் ஓம். நம்முடைய வாயிலே இந்த வன்னியிலே அதிகம் தேய்ந்த சொல் அதுதான்.

இனி அருளப்பு ஐயாவின் கதைக்கு வருகிறேன்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு கிராமம். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே அருளப்பு என்றொரு கடற்றொழிலாளி, வயது அறுபத்திரண்டு, கரைவலை இழுத்து இழுத்து இறுகிய தோள். அவரிடம் பெரிய படிப்பு இல்லை, பெரிய வீடும் இல்லை. ஆனால் ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது: வாக்குத் தவறாத மனிதர். வலை இழுக்கும் முறையில் தகராறு வந்தால், "அருளப்பரைக் கேளுங்கோ, அந்தாள் சொன்னாச் சொன்னதுதான்" என்பார்கள். சொல்லையே சொத்தாக வைத்திருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய காணிக்குத் தெற்கே மீனம்மாவின் காணி. மீனம்மா கணவனை இழந்தவர், சைவக்காரி. இரண்டு காணிகளுக்கும் நடுவே ஒரு பங்குக் கிணறு. பங்குக் கிணறு என்றால் என்னவென்று தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரில் வளர்ந்த இளையோருக்குச் சொல்கிறேன். எல்லைக்கோடு கிணற்றின் நட்டநடுவாலே போகும். பாதிக் கட்டு அவர்களுக்கு, பாதிக் கட்டு இவர்களுக்கு. கப்பி இரண்டு, தண்ணீர் ஒன்று.

பிறகு யுத்தத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி உங்களை அழவைக்க நான் வரவில்லை. திரும்பி வந்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, அடையாளத்துக்கு ஒரு பூவரச மரமும் இல்லை. நிலம் மட்டமாகக் கிடந்தது. குடும்பத்தை வவுனியாவில் விட்டுவிட்டு, முதலில் வந்து இறங்கியவர் அருளப்பு. கட்டு உடைந்து வாய் திறந்து கிடந்த கிணற்றைக் கண்டார். பின்னால் வரப்போகும் பிள்ளைகள் யாரும் விழுந்துவிடக்கூடாது என்று தன் கையாலேயே அதை மண்போட்டு மூடினார். அவர் மூடியதை வேறு யாரும் பார்க்கவில்லை. மனைவி புனிதமும், அப்போது ஒன்பது வயதான மகன் ஜெனோசனும் வந்து சேர்ந்தபோது அங்கே வெறும் மணல்தான் இருந்தது. மீனம்மாவோ வவுனியாவில் மகளோடு தங்கிவிட்டார். பல ஆண்டுகள் இரண்டு காணிகளுக்கும் நடுவே வேலியே இருக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

போன வருடம் மீனம்மா வீடு கட்டவென்று ஊருக்கு வந்தார். எல்லை வேண்டும் அல்லவா? அவருடைய காணி உறுதிப் பத்திரத்தில் "வடக்கே அருளப்புவின் காணி, பங்குக் கிணறு உண்டு" என்று இருந்தது. கிணறு எந்த இடத்தில் என்று இருக்கவில்லை. அருளப்பு, "உயிர்த்த ஞாயிறு முடியட்டும் தங்கச்சி, நானே வந்து காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்தார்.

பெரிய வெள்ளிக்கு முதற்கிழமை அவருக்குப் பாரிசவாதம் வந்தது.

வலக்கை விழுந்தது. வலக்கால் இழுத்தது. பேச்சுப் போனது. எல்லாம் போன பிறகு அவர் வாயில் எஞ்சி நின்றது ஒரே ஒரு சொல். என்ன சொல்? "ஓம்." பசிக்குதோ என்றால் ஓம். பசிக்கேல்லையோ என்றால் அதற்கும் ஓம். பட்டியைத் திறந்துவிட்டுப் பசுவைக் கூப்பிட்டால், வாசலடியில் நின்ற ஆடு முந்திக்கொண்டு வெளியே ஓடிவருமே, அப்படி. அவர் உள்ளுக்குள்ளே கூப்பிடுவது வேறு சொல்லை. வாசலில் நிற்கும் இந்தச் சொல் ஓடிவந்துவிடுகிறது. இது இந்த நோயில் நாங்கள் அடிக்கடி காண்பது. ஆனால் அந்த வீட்டுக்கு அது தெரியாது. அந்த ஊருக்கும் தெரியாது.

ஜெனோசன் இப்போது இருபத்துநான்கு வயது இளைஞன், நல்ல பிள்ளை, யாருடைய காணியிலும் ஆசை வைக்காதவன். சின்ன வயதில் பார்த்த நினைவை வைத்து, எல்லை இப்போது ஒரு தென்னை நிற்கிற இடம்வரை என்று நம்பினான். மீனம்மா இல்லை என்றார். ஆனால் அவராலும் கிணற்றடியைக் காட்ட முடியவில்லை. ஆகவே அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையின் பெருந்தன்மையைப் பாருங்கள்: "அருளப்பண்ணை தன்ர கோயில் வாசலிலை நிண்டு சொல்லட்டும். அவர் சொன்னா நான் மறுகதை கதையன்."

சைவக்காரப் பெண், மாதா கோயில் வாசலில் ஒரு வேதக்காரர் சொல்லும் சொல்லுக்குத் தன் காணியை ஒப்படைக்கிறார்! சொல்லை நம்புகிற சனம் நாங்கள். எங்கள் பத்திரங்கள் எரிந்தபோதும் எங்கள் சொல் எரியவில்லை என்று நிமிர்ந்து நின்ற சனம். ஆனால் அன்றைக்கு நாங்கள் பிழைவிட்டதும் அந்த நம்பிக்கையால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. சனம் கூடி நிற்கிறது. மகன் கைத்தாங்கலாகப் பிடித்திருக்கிறான். கோயில் மூப்பர் எல்லோருக்கும் கேட்க உரத்துக் கேட்டார்: "அருளப்பு, உங்கட எல்லை அந்தத் தென்னை வரைக்கும்தானே?"

"ஓம்" என்றது வாய்.

கவனியுங்கள், அருளப்பு சொன்னார் என்று நான் சொல்லவில்லை. வாய் சொன்னது என்கிறேன். சொன்ன அடுத்த கணமே அந்த மனிதர் இடக்கையால் தன் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. நின்ற பெண்கள் என்ன நினைத்தார்கள்? "பாவம், கன நாளைக்குப் பிறகு கோயிலைக் கண்ட உருக்கம்" என்றார்கள். மூப்பர் நீதியான மனிதர். மாற்றிக் கேட்டிருந்தால் அதற்கும் ஓம் வந்திருக்கும், எல்லோருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் கோயில் வாசலில் ஒருவர் சொன்னதை இரண்டாம் தரம் கேட்பது அவரை அவமதிப்பது. அது எங்கள் வழக்கம். எனவே யாரும் கேட்கவில்லை. மீனம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஜெனோசன் கதியால் தடிகளை நட்டு வேலி அடைத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கதியாலைக் காணவில்லை. அருளப்பு அதைப் பிடுங்கிப் போட்டிருந்தார். மகன் திரும்ப நட்டான். புதன்கிழமை இன்னொன்று. வியாழக்கிழமை இன்னொன்று. ஒரு கை விழுந்த மனிதர், ஊன்றுதடியை எறிந்துவிட்டு, மணலில் இருந்துகொண்டு, இடக்கையால் ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். புனிதம் அக்கா ஓடிவந்து, "ஏனப்பா இப்பிடிச் செய்யிறியள்? வேலி வேண்டாமோ?" என்று கேட்பார். வாய், ஓம் என்னும். "அப்ப வேலி வேணுமோ?" அதற்கும் ஓம்.

"மூளை பிசகிப்போட்டுது" என்று அயல் பேசியது. மீனம்மாவுக்கும் ஒருநாள் ஆற்றாமை பொங்கிவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்று புனிதத்திடம் சொன்னார்: "கோயில் வாசலிலை நிண்டு பொய் சொன்ன மனுசன். அந்தப் பாவந்தான் இப்ப போட்டு ஆட்டுது." வேலிக்கு இந்தப்பக்கம் கதிரையில் அருளப்பு இருந்தார். அவர் காதில் ஒரு குறையும் இல்லை.

தாய்மாரே, பெரியோரே, அந்தக் கணத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உண்மை முழுவதும் உள்ளே இருக்கிறது. கிணறு எங்கே என்று தெரியும். எத்தனை அடி என்று தெரியும். தன் வாய் பொய் சொல்லிவிட்டது என்பதும் தெரியும். அந்தப் பொய்யால் ஒரு கைம்பெண் நிலம் இழந்தாள் என்பதும் தெரியும். வாழ்நாள் முழுவதும் காத்த பெயர் வேலியடியில் விழுந்து கிடப்பதும் தெரியும். "இல்லை" என்ற ஒரு சொல் போதும். மூன்றெழுத்து. அது வருகுதில்லை! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோமே, வாய் இருந்தும் அது தனக்கே எதிரியாகிப்போனவர் எப்படிப் பிழைப்பது?

அந்த நிலையில்தான் அவரை என்னிடம் கூட்டிவந்தார்கள்.

வந்தது எந்த ஆஸ்பத்திரி, என்ன நாள் என்பதெல்லாம் வேண்டாம். வெளியே வாங்கில் வரிசையாக அமர்ந்து நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குத் தலையிடி. இவையெல்லாம் சாட்டுக்கள், சாட்டு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஜெனோசன் சொன்னான்: "மிஸ், அப்பா வேலியைப் பிடுங்கிறார். அவருக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

நான் படங்களை எடுத்தேன். கதவின் படத்தைக் காட்டி, "இது கதவோ ஐயா?" ஓம். மாட்டைக் காட்டி, "இது கதவோ?" ஓம். "நீங்கள் ஆம்பிளையோ?" ஓம். "பொம்பிளையோ?" ஓம். ஒவ்வொரு ஓமுக்கும் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறார்கள். அந்த முகத்தில் எல்லாம் தெரிந்தது, பார்க்கத்தான் எனக்கு நேரம் இருக்கவில்லை. படங்களை முன்னால் பரப்பிவைத்து, "கதவைத் தொடுங்கோ" என்று சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. செய்யவேண்டிய சோதனை அது. வலக்கை விழுந்திருக்கிறது, இடக்கையால் அவர் மெதுவாகத்தான் தொடுவார், நேரம் போகும் என்று அதை விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு எழுதினேன். "சொல்வதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. எதையும் தீர்மானிக்கும் நிலையில் இல்லை." கையெழுத்தும் வைத்தேன்.

வெள்ளிக் கிண்ணம் வாங்கிய கை அது. மொழி இல்லையேல் அறிவில்லை என்று பதினைந்து வயதில் வாயால் சொன்னவள், முப்பத்தேழு வயதில் அதையே ஒரு மனிதரின் பெயருக்குக் கீழே எழுதிக்கொடுத்தேன்.

அந்தக் காகிதம் வீட்டுக்குப் போனதும் வீடு மாறியது. அவர் வெளியே போகாதபடி வாசல் படலைக்குப் பூட்டு விழுந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. விளங்காதவரிடம் என்ன கேட்பது? அவருக்கு முன்னாலேயே அவரைப்பற்றிப் பேசினார்கள். மீன் வேண்டுமா, குளிப்பதா, கோயிலுக்குக் கூட்டிப்போவதா, எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையைச் சிகிச்சைக்காகப் பார்க்கப் போன நான், போகிற வழிதானே என்று மோட்டார் சைக்கிளை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். நண்பகல். கோயில் மணி அடித்தது. கதிரையில் இருந்தவர் இடக்கையால் சிலுவை போட்டார். போட்டுவிட்டு, திரிகாலச் செபத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு சொல் பிசகாமல், தெளிவாகச் சொன்னார்!

நான் புனிதம் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் சொன்னார்: "செபம் மட்டும் வரும் மிஸ். அதாலைதான் சனம் நடிக்கிறார் எண்டுது. என்ர பேரைச் சொல்லுங்கோவன் எண்டு கேட்டா, ஓம் எண்டுறார்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது வருடம் கூட வாழ்ந்த பெண். கடவுளோடு பேசுகிறவர் தன்னோடு பேசவில்லையே என்ற அந்தத் துக்கத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

ஐயா, நீங்கள் கேட்பது விளங்குகிறது. முன்வரிசையில் ஒரு ஐயா கேட்கிறார், "அதெப்படிப் பிள்ளை செபம் வந்தது?" என்று. நல்ல கேள்வி. ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய செபம் தொடங்கினால் தானே ஓடும். நாம் ஒவ்வொரு சொல்லாகத் தேடவேண்டியதில்லை. வாய்ப்பாட்டைப் போலத்தான். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்பது அப்படியல்ல. அதை மனம் புதிதாகக் கோக்கவேண்டும். கோக்கும் இடத்தில்தான் அவருக்கு அடி. ஆகவே செபம் வருவதை வைத்து அவருக்கு எல்லாம் சுகம் என்பதும் பிழை. பேச்சு வராததை வைத்து அவருக்குள் ஒன்றுமில்லை என்பதும் பிழை. சனம் முதற்பிழையை விட்டது. சனத்துக்குப் படிப்பில்லை. படித்த நான் இரண்டாவதை விட்டேன்.

செபம் முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார். அதே பார்வை. நான் அவருக்கு முன்னால் மணலில் இருந்தேன். பையில் இருந்த படங்களைப் பரப்பினேன். இந்த முறை ஓம் என்றும் இல்லை என்றும் ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா, கதவைக் காட்டுங்கோ" என்றேன். இடக்கை மெதுவாக வந்தது. கதவு. "அரிவாள்." அரிவாள். "மழைக்குப் பிடிக்கிறது?" குடை. பத்துக் கேட்டேன், பத்தும் சரி. பதினோராவது கேட்க வாயெடுத்தேன். அவர் படங்களை ஒரே தட்டாகத் தட்டிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடித்த பிடி விடவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்தார். வேலியடிக்குப் போனார். அங்கே நிற்கவில்லை. அங்கிருந்து தன் முற்றத்துக்குள்ளேயே திரும்பி, கோழிக்கூட்டடிக்கு வந்து, மணலில் விழுந்து இருந்து, இடக்கையால் கிண்டத் தொடங்கினார். புனிதம் அக்கா, "ஐயோ, வெயிலப்பா, எழும்புங்கோ" என்று அழுதார். கரையில் இருந்து வந்த ஜெனோசன், "மிஸ், இதுதான் இவற்ற நிலைமை, பாத்தியளே" என்றான். நான் சொன்னேன்: "தம்பி, நான் எழுதித் தந்தது பிழை. மண்வெட்டியைக் கொண்டு வாங்கோ."

அவன் என்னையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மண்வெட்டியைக் கொண்டுவந்தான்.

முழங்கால் ஆழம் போனபோது மண்வெட்டி கல்லில் பட்டது. துடைத்துப் பார்த்தால் வளைவான சீமெந்துக் கட்டு. பங்குக் கிணறு! வேலிக்கு வடக்கே, பன்னிரண்டு அடி உள்ளே, அவர்கள் தங்களுடையது என்று நினைத்த முற்றத்தில் கிடக்கிறது. எல்லை அதன் நடுவால் போகவேண்டும். அப்படியென்றால் கோழிக்கூடு நின்றதும், வேலிவரைக்கும் இருந்த அவ்வளவும், மீனம்மாவின் நிலம்.

ஜெனோசன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தக் கிணற்றுக் கட்டின்மேலேயே இருந்துவிட்டான். "நான் ஒவ்வொரு நாளும் நட்டன், இவர் ஒவ்வொரு நாளும் பிடுங்கினவர்" என்றான். "அப்பா, நீங்கள் சொல்லிக்கொண்டுதானே இருந்திருக்கிறியள். நான்தானே கேக்கேல்லை." தகப்பனின் காலைக் கட்டிப்பிடித்து அழுதான். புனிதம் அக்கா அழவில்லை. ஓடிப்போய்ப் படலைப் பூட்டைத் திறந்து, பூட்டையும் திறப்பையும் சேர்த்துக் கடலுக்குள்ளே எறிந்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு. அதே கோயில் வாசல், அதே சனம். கொடுத்த இடத்திலேதானே வாக்கைத் திருப்பி எடுக்கவேண்டும்? நானும் போயிருந்தேன். மகன் பேசத்தான் வந்தான். தகப்பன் அவனைக் கையால் தடுத்துவிட்டார். தான் பிடுங்கிய கதியாலில் ஒன்றை இடக்கையில் பிடித்தபடி, யாருடைய தாங்கலும் இல்லாமல், மீனம்மாவை நோக்கி நடந்தார். பத்து அடி தூரம். அந்தப் பத்து அடிக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. கதியாலை மீனம்மாவின் கையில் வைத்தார். தன் வாயைக் காட்டினார். அதன்மேல் தன் கையாலேயே ஒரு அடி அடித்தார். பிறகு அந்தக் கையை நெஞ்சில் வைத்தார்.

அதைவிடத் தெளிவான ஒரு வசனத்தை இந்த முப்பத்தெட்டு வருடத்தில் நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. வாய் பொய், நெஞ்சு மெய் என்று ஒரு மனிதர் சொல்லில்லாமல் சொன்னார். ஊர் முழுவதற்கும் விளங்கியது. மீனம்மா, "அண்ணை, உங்களைப் போய்ப் பொய்யன் எண்டு சொன்னனே, நான் பாவி" என்று அந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

ஆகவே, அன்பானவர்களே, மொழியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மொழியை உண்டு வாழ்கிறவள் நான். தமிழ் இல்லாவிட்டால் எனக்குத் தொழிலும் இல்லை, தாய்வீடும் இல்லை. அறிவைப் பெருக்குவது மொழி, சேர்ப்பது மொழி, ஒரு தலைமுறை கண்டதை அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பது மொழி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழி ஒருவருடைய வாயில் மட்டும் இருப்பதாக நினைத்தோமே, அதுதான் பிழை. பாதி மொழி சொல்பவரிடம். மறுபாதி கேட்பவரிடம். அருளப்புவிடம் இருந்த பாதி உடைந்துபோனது. எங்களிடம் இருந்த பாதி? அது ஒன்றும் உடையவில்லை. நாங்கள்தான் அதைப் பாவிக்கவில்லை.

எங்கள் வீடுகளில் வாய் வராத பிள்ளைகள் இல்லையா? யுத்தத்தில் செல்லடி பட்டுக் காது போனவர்கள் இல்லையா? வேறு மொழி பேசும் கந்தோருக்கு முன்னால் நின்று, ஒன்றும் விளங்காமல் ஓம் சொல்லிவிட்டு, "ஒண்டும் தெரியாத சனம்" என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு வருகிற தாய்மார் இல்லையா? அவர்களுக்குத் தெரியாதென்று யார் சொன்னது? ஒரு வயலில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். எந்தப் பிள்ளையின் இருமல் நெஞ்சுச்சளி என்று தெரியும். கேட்கத் தெரியாத கதிரைகளுக்கு முன்னால் அந்த அறிவெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்தக் கதிரைகளில் ஒன்றில் இருந்தவள்தான் நான்.

ஐயா மணியைத் தொட்டுவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா. நான் வந்த காரியம் இனித்தான்.

கிணறு வெளிப்பட்டபின் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. ஒருமுறை எழுதிய பக்கத்தைக் கிழிக்க விதி இல்லை. கீழே புதிதாக எழுதலாம், எழுதினேன். ஆனால் மேலே உள்ளது மேலேதான் இருக்கும். நாளைக்குக் கோப்பைத் திறக்கும் யாரும் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.

போன கிழமை அருளப்பு ஐயாவிடம் போனேன். இரண்டு படம் வரைந்து கொண்டுபோனேன். ஒன்றில் மேடையும் ஒலிவாங்கியும். மற்றதில் பூட்டிய வாய். "உங்கட கதையைப் பளையிலை சனத்துக்கு முன்னாலை சொல்லட்டோ, விடட்டோ?" என்று கேட்டேன். வழக்கம்போல வாய் ஓம் என்றது. நான் காத்திருந்தேன். இடக்கை வந்தது. மேடைப் படத்தை எடுத்து, என் மடியில் வைத்து, இரண்டு தரம் தட்டினார்.

அந்த மனிதருக்குத் தன் வாக்கைத் திருப்பி எடுக்க வாய் இருக்கவில்லை. ஒற்றைக் கையால் நாள்தோறும் வேலி பிடுங்கி, நகத்தால் நிலம் கிண்டி, சனத்துக்கு முன்னால் தன்னைத்தானே அடித்து, அப்படித்தான் எடுத்தார். எனக்கோ வாய் இருக்கிறது. வாய் நிறையத் தமிழும் இருக்கிறது. எனவே, கிழிக்க முடியாத அந்தப் பக்கத்தை இந்தச் சபையின் முன்னால், என் பெயரைச் சொல்லி, என் வாயாலேயே மறுக்கிறேன். கஜனியாகிய நான் எழுதியது பொய். அருளப்புவுக்கு விளங்கும். அன்றைக்கும் விளங்கியது. அவருக்கு முன்னால் இருந்து கேள்வி கேட்ட எனக்குத்தான் விளங்கவில்லை.

இவ்வளவு நேரமும் பொறுமையோடு கேட்டிருந்த சபைக்கும், மணியைத் தொட்டுவிட்டு அடிக்காமல் விட்ட தலைவருக்கும் என் நன்றி. உங்கள் எல்லோரையும் மீண்டும் வணங்கி இறங்குகிறேன்.